விட்டலாச்சார்யா: லயத்துக்கு மோகினியைக் கொண்டுவந்தவர்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் பி. விட்டலாச்சார்யாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலை நீட்டி எரியவிட்டுச் சமைத்த மோகினியைத் தெரியுமா என்று கேட்டால் கதையே வேறு. எந்த வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்தோம், யார் முதலில் அலறியது, யார் அன்றிரவு பீலிக்கரைக்குப் போக மறுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இயக்குநரின் பெயர் மறந்துபோய், அவர் படைத்த பேய் மட்டும் ஒரு சமூகத்தின் நினைவில் தங்கிவிட்டது.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் சத்யஜித் ராயையும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸையும் எங்களுக்கு வாரக்கணக்கில் கற்பித்தார்கள். அது தேவையான படிப்புத்தான். ஆனால் என் அம்மாயி தன் வாழ்நாளில் ராயின் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி'யை எத்தனை முறை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. அம்மாயி பார்த்த சினிமாவை எடுத்தவர் யார் என்று தேடியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

ஹோட்டல்காரர், கைதி, கூடாரத் தியேட்டர் முதலாளி

1920 ஜனவரியில், இன்றைய கர்நாடகத்தின் உடுப்பிக்கு அருகே உத்யாவர என்ற ஊரில் விட்டலாச்சார்யா பிறந்தார். பெரிய குடும்பத்தின் ஏழாவது பிள்ளை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. சிறுவயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது கூத்து. உடுப்பிப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்வெளிகளில் இரவு முழுவதும் ஆடும் பயலாட்டம் என்றொரு மரபு உண்டு. கிரீடமும் முகப்பூச்சும் பூண்ட அரக்கர்களும் தேவர்களும் விடியும்வரை சண்டையிடுவார்கள். மலையகத்தில் மாசி மாதக் காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரதியும் மன்மதனும் வீரபத்திரனும் எமனும் லயத்து வாசலிலேயே வந்து நிற்கும் அந்த இரவுகளின் உறவினர்தான் பயலாட்டம்.

ஒன்பது வயதளவில் வீட்டைவிட்டு ஓடிய சிறுவன், ஹாசன் மாவட்டத்தின் அரசிகெரேக்குப் போய்ச் சேர்ந்தான். கிடைத்த வேலைகளை எல்லாம் செய்து, பின்னர் உறவினர் ஒருவரிடமிருந்து ஒரு ஹோட்டலை வாங்கி நடத்தினான். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தபோது நண்பர்களோடு அதில் இறங்கி, கைதாகி, ஹாசன் சிறையில் அடைக்கப்பட்டான். பேய்ப் பட இயக்குநர் என்று ஒற்றை வரியில் நாம் ஒதுக்கிவைக்கும் மனிதர், தேசத்துக்காகச் சிறை சென்றவரும்கூட.

சிறையிலிருந்து வந்ததும் ஹோட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, டி. சங்கர்சிங் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து கூடாரத் தியேட்டர் தொடங்கினார். கிராமம் கிராமமாகக் கூடாரம் அடித்து, மண்தரையில் சனங்களை உட்காரவைத்துப் படம் காட்டும் தொழில் அது. ஒன்றாகத் தொடங்கியது நான்காகப் பெருகியது. அவருடைய வாழ்க்கையில் முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் தரையில் இருப்பவர் எழுந்து பீடி பற்றவைக்கப் போவார், எந்த இடத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாய் கண்ணிமைக்காமல் இருப்பாள் என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. கூடாரத்தின் ஓரத்தில் நின்று இரவுக்கிரவு பார்த்தவருக்கே அது தெரியும்.

1944இல் திருமணம் முடித்து மைசூருக்குப் போனார். அங்கே சங்கர்சிங்கோடு சேர்ந்து மகாத்மா பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில் கன்னடப் படங்களைத் தயாரித்தார். 1951இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஒரு படம் நூறு நாள் ஓடியது. கன்னட சினிமாவில் நூறு நாள் ஓடிய முதல் படம் என்று அது சொல்லப்படுகிறது. அதன் பெயரும் 'ஜெகன்மோகினி'தான். 27 வருடங்கள் கழித்து அதே பெயரை அவர் மீண்டும் எடுத்துக்கொண்டார்.

1953இல் நண்பர்களிடமிருந்து பிரிந்து விட்டல் புரொடக்ஷன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் ஆரம்பத்திலேயே பேயைத் தேடிப் போகவில்லை. சமூகத் தீமைகளைச் சாடிய 'கன்யாதானம்' என்ற கன்னடப் படத்தை எடுத்து, அதையே தெலுங்கிலும் எடுப்பதற்காகச் சென்னைக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். தமிழிலும் 'பெண் குலத்தின் பொன் விளக்கு' என்ற குடும்பப் படத்தை எடுத்திருக்கிறார். அறுபதுகளில்தான் வாள், மந்திரவாதி, பறக்கும் கம்பளம், குகை, பேசும் கிளி என்று ஜானபதப் படங்களின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். காந்தாராவும் என்.டி. ராமாராவும் வாள் பிடித்த அந்தப் படங்கள் ஆந்திரத்தில் திருவிழாவாக ஓடின. ஜானபத பிரம்மா என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

சிக்கனத்தில் பிறந்த மாயம்

அவருடைய மாயங்கள் எல்லாம் கமராவுக்குள்ளேயே செய்யப்பட்டவை. கமராவை நிறுத்தி, ஆளை அகற்றி, மீண்டும் ஓடவிட்டால் மனிதன் மறைந்துபோவான். ஒரே ஃபிலிமில் இரண்டு முறை படம்பிடித்தால் ஆவி சுவருக்குள்ளால் நடக்கும். காட்சியைப் பின்னோக்கி ஓட்டினால் சிதறியது ஒன்றுசேரும். கம்பியில் கட்டிய எலும்புக்கூடு ஆடும். பாரிஸில் ஜோர்ஜ் மெலியே 1890களில் செய்துகாட்டிய வித்தைகள்தான் இவை. கணினி வந்த பின்னும் விட்டலாச்சார்யா இவற்றை விட்டுவிடவில்லை. போட்ட செட்டையே வேறு சாயம் பூசி அடுத்த படத்துக்கும் பயன்படுத்துவார். திட்டமிட்ட நாளில், திட்டமிட்ட செலவில் படத்தை முடிப்பதற்குப் பெயர் பெற்றவர்.

இந்தச் சிக்கனத்தைப் பற்றித் தென்னிந்தியத் திரையுலகில் உலவும் பிரபலமான கதை ஒன்று உண்டு. யாராவது நடிகர் திகதி தராமல் இழுத்தடித்தாலோ பாதியில் சம்பளத்தை உயர்த்திக் கேட்டாலோ, விட்டலாச்சார்யா அவரைக் கெஞ்சிக்கொண்டிருக்க மாட்டாராம். கதையில் ஒரு முனிவரை வரவழைத்து, சாபம் கொடுக்கவைத்து, அந்தப் பாத்திரத்தை ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வாராம்.

இந்தக் கதையை முதன்முதலில் கேட்டபோது எல்லோரையும்போல நானும் சிரித்தேன். பிறகு தோட்டத்தில் வளர்ந்தவளாக யோசித்துப் பார்த்தேன். கூலி உயர்வு கேட்ட தொழிலாளியை வேறு மலைக்கு மாற்றுவதும், பெயரை வெட்டுவதும், அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கொண்டுவருவதும் எங்கள் பெற்றோருக்குச் சாபக் கதைகள் அல்லவே. விட்டலாச்சார்யா ஏழைகளின் ரசனையை அறிந்தவர். அதேநேரம் செலவைக் குறைக்கத் தெரிந்த முதலாளியும்தான். இரண்டையும் சேர்த்தே அவரைப் பார்க்க வேண்டும்.

1978: மோகினி வருகிறாள்

எழுபதுகளின் பிற்பகுதியில் பெரிய நட்சத்திரங்களை நம்பாமல், நரசிம்மராஜு, ஜெயமாலினி, பிரபா ஆகியோரை வைத்து 'ஜெகன்மோகினி'யை அவர் எடுத்தார். ஏமாற்றப்பட்டு உயிரைவிட்ட பெண் ஒருத்தி பேயாகத் திரும்பி வருகிறாள். தான் நேசித்தவனைத் தன்னோடு கொண்டுபோகத் துடிக்கிறாள். அவனுடைய மனைவியோ அம்மனின் பக்தை. பேய்க்கும் பக்திக்கும் நடுவே ஒரு வீடு போர்க்களமாகிறது. தெலுங்கில் வென்ற இந்தப் படம், தமிழில் குரல் மாற்றப்பட்டுத் தமிழ்நாட்டிலும் பெருவெற்றி பெற்றது. இந்தப் படத்துக்குக் கதாநாயகன் யார் என்று கேட்டால் பலருக்கு நினைவு வராது. கதாநாயகி பேய்தான்.

எண்பதுகளிலும் அவர் இதே தடத்தில் நடந்தார். 1985இல் 'ஜெய் பேதாளா' என்ற படத்தை முப்பரிமாணத்தில் எடுத்தார். அதற்கு முந்தைய வருடம் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாக வந்து வெற்றி பெற்றிருந்தது. அதே 1984இல் வடக்கே ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' இந்தியில் வசூலைக் குவித்தது. பெரிய கம்பனிகள் தொட விரும்பாத பேயைச் சின்னப் பணத்தில் எடுத்துப் பெரிய பணம் பார்க்கலாம் என்பதை அந்தப் பத்தாண்டு இந்தியா முழுவதும் நிரூபித்துக்கொண்டிருந்தது.

மேற்கில் இந்த இடத்தில் இருந்தது இரத்தக் காட்டேரி. பிராம் ஸ்ரோக்கர் 1897இல் எழுதிய டிராகுலா ஒரு பிரபு. கோட்டையில் வாழ்பவன், காசுள்ளவன், தூரதேசத்திலிருந்து வந்து சனங்களின் இரத்தத்தைக் குடிப்பவன். 1958இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் குறைந்த செலவில் அவனை வண்ணத்தில் எடுத்து உலகமெங்கும் விற்றது. விக்கிரமாதித்தன் கதையில் வரும் நம்முடைய வேதாளத்தைக்கூட ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இந்த இரத்தக் காட்டேரியின் பெயரால்தான் அழைத்தார். ஆனால் நம் ஊர்க் காட்டேரி கோட்டைக்காரி அல்ல. கெட்ட சாவு செத்தவள். வீட்டுக்கு வெளியே கல் நட்டு, சேவல் அறுத்து, படையல் வைத்து அமைதிப்படுத்த வேண்டியவள். தேயிலை மெஷின் சுற்றும் இடத்தில் ரோதைமுனியையும், கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமியையும் வைத்துக் கும்பிடும் மக்களுக்கு, பயப்படும் பொருளைக் கும்பிடும் பொருளாக மாற்றுவது பழகிய காரியம். விட்டலாச்சார்யாவின் மோகினி இந்த உலகத்தைச் சேர்ந்தவள். அதனால்தான் டிராகுலா நுழையாத காம்பராவுக்குள் அவள் எளிதாக நுழைந்தாள்.

பெரட்டுக்களத்தில் விடியவிடியப் படம்

1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. அதோடு தொலைக்காட்சிப் பெட்டிகளும் வீடியோ டெக்குகளும் நகரக் கடைகளுக்கு வந்தன. லயங்களில் அப்போது பெரும்பாலும் மின்சாரம் இல்லை. ஹட்டன் பக்கமிருந்து டெக், டீவி, ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, தலைச்சுமையாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கதையை, அந்நாளில் இளைஞராக இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். காம்பராவுக்கு இவ்வளவு என்று காசு சேர்ப்பார்கள். சம்பளம் போட்ட கிழமை அல்லது கோயில் திருவிழா. பெரட்டுக்களத்திலோ கோயில் முற்றத்திலோ சாக்கும் பாயும் விரியும். முதலில் சாமி படம், அடுத்து எம்ஜிஆர் அல்லது சிவாஜி, சிறுவர்கள் தூங்கி விழும் நேரத்தில் பேய்ப் படம். சாமத்துக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால்தான் மோகினி மோகினியாக இருப்பாள் என்றார் அவர். விடிந்ததும் அதே களத்தில் பெரட்டு. தூங்காத கண்ணோடு கொழுந்து மலைக்கு.

விட்டலாச்சார்யா நாற்பதுகளில் மைசூர்க் கிராமங்களில் அடித்த கூடாரமும் இந்தப் பெரட்டுக்களமும் ஒன்றுதான். மண்தரை, குளிர், களைத்த உடம்பு, பிள்ளைகுட்டிகள். அவர் யாருக்காகப் படம் எடுத்தாரோ அவர்களை, அவர் காணாத ஒரு நாட்டு மலையில், அந்தப் படம் தானாகவே தேடிக்கொண்டது.

பெண்கள் ஏன் இந்தப் படங்களை அவ்வளவு விரும்பினார்கள் என்பது நான் பலரிடம் கேட்ட கேள்வி. நகரத்து விமர்சகர்கள் ஜெயமாலினியின் உடையைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆண்களுக்காக வைத்த கவர்ச்சி அந்தப் படத்தில் தாராளமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என்னோடு பேசிய முதிய பெண்கள் அடுப்பைத்தான் பேசினார்கள். விடியலுக்கு முன் எழுந்து ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்கு, காலையே விறகாக வைக்கும் பெண் ஒரே நேரத்தில் பயமாகவும் வேடிக்கையாகவும் இருந்திருக்கிறாள். இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் தூரத்துப் பொருளை எடுக்கும் வரம் கூடையைச் சுமந்து மேட்டில் ஏறுபவளுக்கு எவ்வளவு இனித்திருக்கும். தோட்டங்களில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்ததே 1984 வேலைநிறுத்தத்தின் பின்புதான். அந்தச் சம்பளமும் பல வீடுகளில் கணவனின் கைக்கே போனது. ஏமாற்றியவனை விடாமல் துரத்தும் பெண்ணைத் திரையில் பார்த்து அவர்கள் ஏன் கைதட்டினார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

நிஜமான பயத்தின் வருடங்கள்

எண்பதுகள் எங்களுக்குப் பேய்ப் படங்களின் காலம் மட்டுமல்ல. 1977இலும் 1981இலும் 1983இலும் வன்செயல்கள் மலையகத்தைத் தொட்டன. நுவரெலியா, பதுளை போன்ற நகரங்களில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் என்று எழுதிவைத்திருந்தது. கொட்டகலை, ஹட்டன் நிலையங்களில் அழுகுரலோடு புறப்பட்ட கோச்சியை எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் 1984இல் நின்றது. வன்செயலுக்கு அஞ்சியவர்கள் இன்னொரு பக்கமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். எண்பதுகளின் கடைசியில் தெற்கில் தெருவோரங்களில் சடலங்கள் எரிந்தன.

அப்படிப்பட்ட இரவுகளிலும் பேய்ப் படம் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தோம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மோகினிக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் ஏன் வருகிறாள், யாரைத் தேடி வருகிறாள், எதற்கு அடங்குவாள் என்று எல்லோருக்கும் தெரியும். வேப்பிலைக்கும் அம்மன் பாட்டுக்கும் அவள் கட்டுப்படுவாள். பெற்றோல் கலனோடு வந்தவர்கள் எதற்கும் கட்டுப்படவில்லை. கட்டுப்படும் பயத்தைப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒட்டி உட்கார்ந்து பார்ப்பது, கட்டுப்படாத பயத்திலிருந்து கிடைத்த மூன்று மணித்தியால விடுப்பு. வடக்கிலும் மின்சாரமற்ற நாட்களில் ஜெனரேட்டரைச் சுற்றிக் கூட்டமாக அமர்ந்து படம் பார்த்தவர்களுக்கு இந்த விடுப்பின் அருமை தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விட்டலாச்சார்யாவின் உலகத்தில் அநியாயமாகச் செத்தவர்கள் திரும்பி வருவார்கள். வந்து கணக்குக் கேட்பார்கள். எழுபதுகளில் மலையிலிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பங்கள் பல 2009இன் இறுதிப் போருக்குள்ளும் அகப்பட்டன. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டப் பந்தலில் மலையகத்து வேர் கொண்ட தாய்மாரும் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் திதி கொடுப்பதா, வருவான் என்று சோறு எடுத்துவைப்பதா என்று தெரியாமல் வாழ்பவர்கள் அவர்கள். அந்தத் துயரத்தை ஒரு பேய்ப் படத்தோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் திரையில் கணக்குக் கேட்கும் செத்தவர்களை எங்கள் சனங்கள் ஏன் வெறும் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசி வருடங்கள்

தொண்ணூறுகளில் காலம் மாறியது. 1995இல் கோடி ராமகிருஷ்ணா இயக்கிய 'அம்மோரு', தமிழில் 'அம்மன்' என்ற பெயரில் வந்தது. அதில் கணினியில் உருவாக்கிய காட்சிகள் இருந்தன. விட்டலாச்சார்யா கம்பியாலும் கத்தரியாலும் செய்ததை இயந்திரம் செய்யத் தொடங்கியது. 1999 மே மாதம், தன் 79ஆவது வயதில் அவர் காலமானார். பத்து வருடங்கள் கழித்து, 2009இல், நமீதா நடிக்கத் தமிழில் 'ஜெகன்மோகினி' மீண்டும் எடுக்கப்பட்டது. அதில் பணமும் வரைகலையும் இருந்தன. லயத்தில் அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

தேர்ந்த கலைஞர்களின் வரிசையில் அவரைச் சேர்க்க வேண்டும் என்று நான் வாதாடப்போவதில்லை. அவருடைய படங்களில் பெண்ணை ஒன்று பத்தினியாக, இல்லையேல் பேயாகக் காட்டும் பழக்கம் இருக்கிறது. பிரச்சினை எதுவானாலும் கடைசியில் சாமி வந்து தீர்த்துவிடுகிறது. இவை எல்லாம் விமர்சிக்கப்பட வேண்டியவை. ஆனால் மலையகத்தின் சமூக வரலாற்றை எழுதுபவர்கள் ஒப்பந்தங்களையும் தொழிற்சங்கங்களையும் எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். வேலை முடிந்து வந்த இரவுகளில் இந்த மக்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான். கசெட்டுகள் பூஞ்சணம் பிடித்து எறியப்பட்டுவிட்டன. பெரட்டுக்களத்தில் ஜெனரேட்டர் இயக்கியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த இரவுகளைப் பார்த்த அம்மாயியோ தாத்தாவோ இருந்தால், அவர்களிடம் அடுப்பில் கால் வைத்த மோகினியைப் பற்றிக் கேளுங்கள். சொல்லச் சொல்லக் கையடக்கத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.